மெத்தைக்காரரின் மொட்டை

முகாமுக்குள் நுழைந்ததும் பெரியம்மாவின் கண்ணில் முதலில் பட்டது குழந்தைகள் இல்லை, மெத்தைக்காரரின் முகம்தான். வாசல் வளைவில் ஒரு முகம், சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு முகம், ஊஞ்சல் கம்பிக்கு மேலே ஒரு முகம். ஊஞ்சலில் ஆடுகிற குழந்தை ஒவ்வொரு தடவை மேலே போகும்போதும் அந்த மனிதரின் மோவாயில் காலை நீட்டிவிட்டுத்தான் கீழே இறங்க வேண்டும். எல்லாப் படத்திலும் ஒரே சிரிப்பு, ஒரே முடி. முடி என்றால் சும்மா முடி இல்லை. நெற்றியிலிருந்து அலையாக எழுந்து பின்பக்கம் மடிந்து விழுகிற கன்னங்கரிய முடி. பெரியம்மா பார்லரில் வேலை செய்கிறவள். யாரைப் பார்த்தாலும் முகத்துக்கு முன்னால் தலைதான் அவளுக்குத் தெரியும்.

அவளுக்குப் பெயர் இல்லாமல் இல்லை. ஆனால் அவள் அங்கே போனது மிளகின் பெரியம்மா என்ற ஒரே உரிமையில்தான். கடுமையான நோயோடு போராடும் குழந்தைகளுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் கோடை விடுமுறையில் ஒரு வாரம் இலவச முகாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். மிளகின் அப்பாவுக்குக் கடையில் லீவு கொடுக்கவில்லை. அவர் இடத்தில் பெரியம்மா போனாள். மிளகு என்பதும் அவள் வைத்த பெயர்தான். ஆள் பொடிசு, காரம் பெரிசு. எட்டு வயதுக்குள் ரத்தப் புற்று வந்து, கீமோ மருந்து முழுவதும் ஏறி முடித்து, இப்போது மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பார்த்தால் போதும் என்கிற இடத்துக்கு வந்து நிற்கிறவள்.

மெத்தைக்காரர் இந்த முகாமின் புரவலர். மெத்தைக் கம்பெனி முதலாளி. முகாமுக்கு மெத்தை எல்லாம் அவர் கொடுத்தது. கொடுத்தவர் அதன் மேல் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றக் கூடாது என்று உத்தரவும் கொடுத்திருந்தார். கழற்றினால் அதில் அச்சடித்த கம்பெனி பெயர் போய்விடுமே. வெயில் காலம். குழந்தைகள் புரண்டு படுத்தால் சரசரவென்று சத்தம். காலையில் எழுந்தால் முதுகு முழுக்க ஈரம். மருந்து வாடையும் வியர்வையும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து அந்த அறையில் ஒரு நாற்றம் எழும். அதை மறைக்க யாரோ ரோஜா வாசனை ஸ்பிரே அடித்துவிட்டுப் போவார்கள். பெரியம்மா எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிடுவாள்.

அங்கே நோய் என்று யாரும் சொல்லக் கூடாது. பயணம் என்றுதான் சொல்ல வேண்டும். "குழந்தையோட பயணம் எப்ப ஆரம்பிச்சுது?" என்று முதல் நாளே ஒருத்தி சிரித்துக்கொண்டே கேட்டாள். எந்த ஊருக்குப் போகிற பயணம் என்று இவர்களில் ஒருவராவது யோசித்திருப்பார்களா என்று பெரியம்மாவுக்கு நாக்கு நுனிவரை வந்தது. மிளகின் அம்மாவான தங்கை பக்கத்தில் நின்றதால் விழுங்கிக்கொண்டாள். வேலை செய்கிறவர்களுக்கும் சொந்தப் பெயர் கிடையாது. ஒருவன் சிரிப்பு அண்ணா, ஒருத்தி வானவில் அக்கா. எல்லோருக்கும் மேலே, கழுத்தில் விசிலும் உதட்டில் சாயமுமாகச் சுற்றி வந்த ஒருங்கிணைப்பாளருக்கு மகிழ்ச்சி ஆன்ட்டி என்று பெயர். குழந்தை சாப்பிட்டால் கைதட்டு, மாத்திரை போட்டால் கைதட்டு, கக்கூஸ் போய்விட்டு வந்தால்கூடக் கைதட்டு. மிளகு இரண்டாம் நாளே, கையைக் கழுவினால் தட்டுவார்கள் என்று பயந்து கழுவாமல் வந்துவிட்டாள்.

ஆனாலும் அந்த வாரத்தில் நல்லதே இல்லை என்று சொன்னால் வாய் அழுகிவிடும். குழந்தைகளுக்குக் குழந்தைகள் கிடைத்தார்கள். மொட்டைத் தலையோடு ஓடினால் திரும்பிப் பார்க்க ஆள் இல்லாத இடம் அது. பக்கத்துக் கட்டிலில் ஒரு ஐந்து வயதுக்காரி இருந்தாள். ஊதா நிறக் கம்பளித் தொப்பியை அந்த வெயிலிலும் காதுவரை இழுத்து மாட்டியிருப்பாள். தொப்பி என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள். அவளுக்கு இன்னும் கீமோ நடந்துகொண்டிருந்தது. மிளகு போகிற இடமெல்லாம் தொப்பி வாலைப் பிடித்த மாதிரி பின்னாலேயே போவாள். மிளகு அவளுக்கு அதிகாரமாக எல்லாம் சொல்லிக்கொடுப்பாள். எந்த நர்ஸ் ஊசி போட்டால் வலிக்காது, மாத்திரையை நாக்கில் எங்கே வைத்தால் கசக்காது, வாந்தி வருகிற மாதிரி இருந்தால் எந்தப் பக்கம் சாய வேண்டும்.

மிளகுக்கு ஒரு சொத்து இருந்தது. அவள் தலைமுடி. இரண்டு விரல் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. முன்பு நேராக இருந்த முடி இப்போது சுருள் சுருளாக வந்திருந்தது. தினமும் காலையில் பெரியம்மாவின் சீப்பை எடுத்து வந்து, தலையில் நட்டு, எத்தனை பல் மறைகிறது என்று பார்க்கச் சொல்வாள். நேற்றை விடக் கூடியிருக்கிறது என்று சொல்லாவிட்டால் விடமாட்டாள். பெரியம்மாவும் கூசாமல் பொய் சொல்வாள். முடி கொத்துக் கொத்தாகத் தலையணையில் ஒட்டத் தொடங்கிய காலத்தில் மிளகுக்கு மொட்டை போட்டவள் அவள்தான். அதனால் இந்தச் சுருள் முடி அவளுக்கும் சொத்துதான்.

பெரியம்மா எங்கே போனாலும் முடி எடுக்கிற பேட்டரி மிஷினையும் கத்தரிக்கோலையும் பையில் போட்டுக்கொண்டு போகிற ஆள். முகாமில் மற்ற அம்மாக்களைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியே வீடாகிப் போனவர்கள். கண்ணாடி பார்த்து எத்தனை காலமோ, தலை காடாகக் கிடந்தது. மரத்தடியில் ஒரு நாற்காலியைப் போட்டு ஒவ்வொருத்தியாக உட்காரவைத்து வெட்டிவிட்டாள். கழுத்தில் காற்றுப் பட்டதும் ஒருத்தி சும்மா அழுதாள். அங்கே விளையாட வந்த தொப்பி, தரையில் முடியைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிப்போனாள். மிளகு அவள் பின்னாலேயே ஓடினாள். பெரியம்மா கையில் வேலை இருந்தது, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த மரத்தடிப் பார்லர்தான் மகிழ்ச்சி ஆன்ட்டிக்கு மூக்கு வியர்க்க வைத்தது. வந்து பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். முகாமின் கடைசி நாளில் ஒவ்வொரு வருடமும் ஒரு வழக்கம் உண்டாம். முடி இழந்த குழந்தைகளுக்குத் துணையாகப் பெரியவர்கள் மேடையில் மொட்டை போட்டுக்கொள்வார்களாம். இதுவரை தொண்டர்கள்தான் போட்டார்கள், இந்த வருடம் புரவலர் ஐயாவே போட்டுக்கொள்ளப் போகிறார், நீங்கள்தான் எடுத்துவிட வேண்டும் என்றாள். மெத்தைக்காரரை அவசரப்பட்டுத் திட்டிவிட்டோமோ என்றுகூடப் பெரியம்மாவுக்குத் தோன்றியது. அந்த அலை முடியை ஒரு மனிதன் குழந்தைகளுக்காக இழக்கத் துணிந்தால் அவன் மனிதன்தான். சரி என்றாள்.

அந்த நல்லெண்ணம் அடுத்த நாள் மதியம்வரை தாங்கியது.

துணி துவைக்கிற இடத்தில் தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். மேடையில் ஐயா தனியாக உட்கார்ந்தால் நன்றாக இருக்காதாம். பக்கத்தில் ஒரு குழந்தையும் உட்கார வேண்டுமாம். இரண்டு பேருக்கும் சேர்த்து மொட்டை எடுத்தால்தான் பார்க்கிறவர்கள் நெஞ்சு உருகுமாம். மற்ற குழந்தைகளுக்கு ஏற்கனவே மொட்டை, எடுக்க ஒன்றும் இல்லை. முடி இருக்கிற குழந்தை மிளகு ஒருத்திதான். மகிழ்ச்சி ஆன்ட்டி கேட்டாள், தங்கை தலையாட்டிவிட்டாள்.

பெரியம்மா கையிலிருந்த ஈரத் துணியைக் கல்லில் அடித்த அடியில் தண்ணீர் இரண்டு பேர் முகத்திலும் தெறித்தது.

"உனக்கு மூளை குழம்பிப் போச்சா? அவ அந்த முடியை எப்படிப் பாத்துக்கிறான்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்கா. நான்தானே பெத்தேன்." தங்கை குரலை உயர்த்தவில்லை. "அந்த ஆளு ஆஸ்பத்திரி கமிட்டில இருக்காரு. நாளைக்கு இவளுக்கு மறுபடி வந்துச்சுன்னா, பெட்டு இல்லன்னு வாசல்ல நிக்க வைப்பாங்க. போன தடவை நின்னேன். அப்ப யார்கிட்ட போய்ச் சொல்லணும்னு தெரியல. இப்ப ஒரு ஆளு தெரியும். முடி வளரும்கா."

பெரியம்மாவுக்குத் தங்கை மேல் வந்த கோபம் பாதியிலேயே நொண்டிப் போனது. ஒரு தாயை இப்படிக் கணக்குப் போட வைத்தவர்கள் மேல்தான் அவளுக்கு அருவருப்பு ஊறியது. பழைய சோற்றில் கை வைத்த மாதிரி விரலெல்லாம் பிசுபிசுத்தது.

மகிழ்ச்சி ஆன்ட்டியிடம் போய், வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று முகத்தில் அடித்த மாதிரி சொன்னாள். ஆன்ட்டியின் சிரிப்பு ஒரு நூல்கூடக் குறையவில்லை. பரவாயில்லை, சிரிப்பு அண்ணாவுக்கு மிஷின் பிடிக்கத் தெரியும், போன வருடம் அவன்தான் எடுத்தான் என்றாள். சிரிப்பு அண்ணாவின் கையைப் பெரியம்மா பார்த்திருக்கிறாள். பலூன் கட்டுவதற்குள் மூன்று பலூனை உடைக்கிறவன். மிளகின் தலையில் சின்னக் கீறல்கூடப் படக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். பெரியம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, சரி, நானே எடுக்கிறேன் என்றாள். போகிற முடி தன் கையிலாவது போகட்டும் என்று நினைத்தாள்.

மாலையில் மெத்தைக்காரரே ஒத்திகைக்கு வந்துவிட்டார். மொட்டை போடுவதற்கு ஒத்திகை. கூடத்தின் மேடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். அவரிடமிருந்து வந்த சென்ட் வாடையில் மேடையில் நின்றவர்களுக்கு மூச்சு முட்டியது. பெரியம்மா அவர் கழுத்தில் வெள்ளை டவலைச் சுற்றினாள். வியர்வை பட்ட இடத்தில் டவல் கறுத்தது. அந்த முடியின் கறுப்பு முழுக்கச் சாயம். அவர் பேசுவதாக இருந்தால் உதவியாளரிடம் பேசினார், உதவியாளர் பெரியம்மாவிடம் பேசினான். நடுவில் இருந்தது ஒரு கை தூரம்தான்.

"ஐயா தலையில நிஜமா எடுக்க வேண்டாம்மா," என்றான் உதவியாளன். "அடுத்த வாரம் வீட்ல கல்யாணம். பின்னாடி கழுத்துகிட்ட லேசா ஓட்டுங்க. மிஷின் சத்தம் கேட்டா போதும். கேமரா முன்னாடி இருக்கு."

"அப்ப பாப்பாவுக்கும் சும்மா ஓட்டினா போதும்ல?"

அவன் மெத்தைக்காரரைப் பார்த்தான். மெத்தைக்காரர் போனிலிருந்து காதை எடுக்காமல் தலையை மட்டும் இடமும் வலமும் ஆட்டினார்.

"பாப்பாவுக்கு நிஜமாவே எடுத்துடுங்க. அப்பதான் படத்துல தெரியும். சின்னப் புள்ள, வளர்ந்துடும்."

பெரியம்மா டவலை உதறி மடித்தாள். கறுப்புச் சாயம் அவள் உள்ளங்கையில் ஒட்டியிருந்தது. குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். மறுபடி தேய்த்தாள். சாயம் போன பிறகும் கையைக் கழுவிக்கொண்டே இருந்தாள். பார்லரில் எத்தனையோ அழுக்குத் தலைகளை அவள் கழுவியிருக்கிறாள், பேன் பிடித்த தலை, புண் பிடித்த தலை. ஒன்றும் அவளுக்கு இப்படி இருந்ததில்லை.

மிளகிடம் சொல்லும் பொறுப்பும் அவள் தலையில்தான் விழுந்தது. தங்கையால் முடியாது என்று தெரியும். மேடையில் உட்காரவைத்துத் திடீரென்று எடுத்துவிடலாம் என்பது மகிழ்ச்சி ஆன்ட்டியின் யோசனை. அதற்குப் பெரியம்மா ஒத்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலை, சீப்போடு வந்த மிளகைப் பிளாஸ்டிக் மெத்தையில் பக்கத்தில் உட்காரவைத்து, சுற்றி வளைக்காமல் சொன்னாள். சாயங்காலம் மேடையில் உனக்கு மொட்டை எடுக்கச் சொல்கிறார்கள், அம்மா சரி என்று சொல்லிவிட்டாள்.

மிளகு சீப்பின் பல்லை விரலால் மீட்டினாள். அழுவாள், கத்துவாள், அந்தக் காரம் வெளியே வரும், அதைச் சாக்காக வைத்து எல்லோரையும் நாலு கேள்வி கேட்கலாம் என்று பெரியம்மா காத்திருந்தாள்.

"சரி," என்றாள் மிளகு.

ஊசிக்குச் சொல்கிற அதே சரி. முதுகுத்தண்டில் தண்ணீர் எடுக்கும்போது சொன்ன அதே சரி. எட்டு வயதுக் குழந்தைக்கு இந்தச் சொல் இவ்வளவு பழகியிருந்தது.

"மெத்தைக்காரருக்கும் எடுப்பியா?"

"எடுக்க வேண்டாம்னுட்டாங்க. சும்மா எடுக்கற மாதிரி."

மிளகு யோசித்தாள். "பயமா அவருக்கு?"

பெரியம்மா அந்த வாரத்தில் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தாள். மிளகு சிரிக்கவில்லை. அவள் வேறு எதையோ நினைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆனா தொப்பி முன்னாடி உக்காரக் கூடாது. அவ முடி சாப்பாட்டுத் தட்டுல விழுந்துச்சாம். அதுலேர்ந்து முடி விழறதைப் பாத்தா அவளுக்கு வாந்தி வந்துடும். ராத்திரியெல்லாம் அழுவா. நீ சொல்லி அவளை வெளில அனுப்பிடு."

"சொல்லிடறேன்."

"மறந்துடாத, பெரியம்மா."

"மறப்பேனா?" என்றாள் பெரியம்மா. அவள் மனம் அப்போதே பாதி வேறெங்கோ இருந்தது. பயமா அவருக்கு என்ற கேள்வி அவளைப் பிடித்துக்கொண்டது. பகல் முழுவதும் அதையே மென்றுகொண்டிருந்தாள். மிஷினுக்கு எண்ணெய் போட்டாள். பிளேடைத் துடைத்தாள். தலையில் ஒட்ட எடுக்கிற பிளேடு அது.

சாயங்காலம் கூடம் நிரம்பி வழிந்தது. மெத்தைக் கம்பெனி ஆட்கள், ஆஸ்பத்திரிப் பெரியவர்கள், கேமராக்காரர்கள். முதல் வரிசையில் குழந்தைகளை வரிசையாக உட்காரவைத்திருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே சட்டை, நெஞ்சில் மெத்தைக் கம்பெனி பெயர். தொப்பியின் ஊதாத் தொப்பியைக்கூடக் கழற்றச் சொல்லிப் பார்த்தார்கள், அவள் விடவில்லை. புழுக்கம் தாங்காமல் மேடையின் பின்னால் ஆள் உயர ஃபேன் ஒன்றை வைத்து முழு வேகத்தில் திருப்பிவிட்டிருந்தார்கள். பெரியம்மா மிஷினோடு மேடை ஏறினாள். முதல் வரிசையைப் பார்க்க வேண்டிய கண் பார்க்கவில்லை. அவள் கண்ணுக்கு அந்த ஒரு தலைதான் தெரிந்தது.

மெத்தைக்காரர் மைக்கில் பேசினார். இந்தக் குழந்தைகளின் பயணத்தில் தானும் ஒரு சக பயணி என்றார். முடி என்பது அகம்பாவம் என்றார். அகம்பாவத்தை இன்று இந்தக் குழந்தைகளின் காலடியில் வைக்கிறேன் என்றார். மகிழ்ச்சி ஆன்ட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மை கலையாமல். பக்கத்து நாற்காலியில் மிளகு வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு, ஊசிக்குக் காத்திருக்கிற மாதிரி கைகளை மடியில் வைத்து நேராக உட்கார்ந்திருந்தாள். தங்கை கூடத்தின் கோடியில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

குழந்தையிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று மகிழ்ச்சி ஆன்ட்டி ஜாடை காட்டினாள். பெரியம்மா அதைக் கண்டுகொள்ளவில்லை. மெத்தைக்காரரின் பின்னால் போய் நின்றாள். மிஷினைத் தட்டினாள். சத்தம் வந்ததும் அவர் கேமராவைப் பார்த்துக் கண்ணை மூடிக் கழுத்தைக் குனித்துக் கொடுத்தார். பெரியம்மா இடது கையால் அவர் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினாள். நெற்றி நடுவில் மிஷினை வைத்தாள்.

"பின்னாடி," என்றார் அவர் பல்லுக்கு நடுவில். அவர் அவளிடம் நேரடியாகப் பேசிய முதல் சொல் அதுதான். "பின்னாடிம்மா."

பெரியம்மா நெற்றியிலிருந்து உச்சிவரை ஒரே இழுப்பாக இழுத்தாள். அலை நடுவில் பிளந்தது. சாயம் ஏறாத வெள்ளைத் தோல் ஒரு பாதை மாதிரி வெளியே வந்தது. கறுப்புக் கொத்து ஒன்று அவர் மூக்கின் மேல் விழுந்து மடியில் உருண்டது.

உதவியாளன் பிளந்த வாயை மூடவில்லை. இனி நடக்கப் போவது என்னவானாலும் சரி என்று பெரியம்மாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. இந்த ஆள் எழுந்து கத்தட்டும், அடிக்கக் கையை ஓங்கட்டும், இவர் தலைக்கும் பேச்சுக்கும் உள்ள தூரத்தை எல்லோரும் பார்க்கட்டும்.

மெத்தைக்காரர் கண்ணைத் திறந்தார். கேமராக்கள் தன்னையே பார்ப்பதைப் பார்த்தார். வியாபாரி அல்லவா. ஒரு கண் சிமிட்டுகிற நேரத்தில் முகம் மாறியது. மைக்கை இழுத்துக்கொண்டார்.

"முழுசா எடும்மா," என்றார். "ஒண்ணுகூட மிச்சம் வைக்காத."

கூடம் எழுந்து நின்று தட்டியது. விசில் பறந்தது. ஆஸ்பத்திரிப் பெரியவர் ஒருவர் மேடைக்கு ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மெத்தைக்காரர் அழுதார். நிஜமாகவே கண்ணீர் வந்தது, அதுதான் கொடுமை. பெரியம்மாவுக்கு நிறுத்தவும் முடியவில்லை. பாதி மொட்டையில் எந்தத் தலையையும் விடுகிற கை இல்லை அது. இழுத்துக்கொண்டே போனாள். ஒவ்வொரு இழுப்புக்கும் கைதட்டல் ஏறியது. அவமானப்படுத்த எடுத்த மிஷினால் அவருக்குத் தேர் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்குப் புரிந்தபோது பாதித் தலை முடிந்துவிட்டிருந்தது.

ஃபேன் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. விழுந்த முடியையெல்லாம் அள்ளி மேடை விளிம்பைத் தாண்டி முதல் வரிசையில் கொட்டியது. குழந்தைகளின் மடியில், சட்டையில், கம்பெனிப் பெயரின் மேல், கறுப்புக் கறுப்பாக முடி. கேமராக்கள் மேலே பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு கொத்து தொப்பியின் மடியில் போய் உட்கார்ந்தது.

தொப்பி இரண்டு கையாலும் தன் தொப்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வாய் பொத்தக் கை மிச்சமில்லை. அப்படியே வாந்தி எடுத்தாள், தன் மேல், மடியில் கிடந்த அந்த முடியின் மேல். கைதட்டல் சத்தத்தில் அவள் அழுகை யாருக்கும் கேட்கவில்லை.

மிளகுக்குக் கேட்டது. துணியை உருவிப் போட்டுவிட்டு மேடையிலிருந்து குதித்தாள். தொப்பியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போனாள்.

மறந்துடாத, பெரியம்மா.

கை நின்றது. வேலையும் முடிந்திருந்தது. மெத்தைக்காரர் தன் மொட்டைத் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். மைக்கை ஒதுக்கிவிட்டு அவள் பக்கம் சாய்ந்தார்.

"நீ நல்ல காரியம் பண்ணினேம்மா," என்றார். "எனக்கே தோணல. அடுத்த வருஷமும் நீயே வந்துடு."

பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அந்தக் குழந்தை எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. படம் கிடைத்துவிட்டது. மகிழ்ச்சி ஆன்ட்டி விசிலை ஊதிக்கொண்டு எல்லோரையும் மேடைக்குக் கூப்பிட்டாள். உதவியாளன் தங்கையைத் தேடிப் பிடித்துக் கையைக் குலுக்கி, ஐயா உங்களை மறக்க மாட்டார் என்று சொல்லிக்கொண்டிருந்தான். தங்கையின் முகத்தில் பல மாதங்களாக இல்லாத ஒரு தெளிவு வந்திருந்தது. அதைப் பார்த்துச் சந்தோஷப்படவும் பெரியம்மாவால் முடியவில்லை. கூட்டத்தை இடித்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

குழாயடியில் மிளகு தொப்பியின் சட்டையைக் கழற்றிப் போட்டிருந்தாள். உள்ளங்கையில் தண்ணீர் பிடித்து அவள் வாயைக் கழுவிவிட்டாள். எந்தப் பக்கம் சாய வேண்டும், எப்படிக் கொப்பளித்துத் துப்ப வேண்டும் என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். யாரும் தட்டாமலே ஒரு வேலை அங்கே ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. ஊதாத் தொப்பி நனைந்து ஒரு பக்கம் தொங்கியது. அந்தச் சின்ன உடம்பு இன்னும் விக்கிக்கொண்டே இருந்தது.

பெரியம்மா வேகமாகக் கிட்டே போனாள். காலடிச் சத்தம் கேட்டுத் தொப்பி திரும்பினாள். பெரியம்மாவைப் பார்த்தாள். அவள் நெஞ்சை, கையை, முழங்கையைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு மிளகின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள்.

பெரியம்மா குனிந்து தன்னைப் பார்த்தாள். முன்னால் கட்டியிருந்த துணி முழுவதும், சட்டைக் கை முழுவதும், கழுத்து வியர்வையில்கூட மெத்தைக்காரரின் முடி ஒட்டியிருந்தது. கையில் மிஷின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் சொன்னேன்ல," என்றாள் மிளகு. காரம் இல்லாத குரல். தலையில் சுருள் முடி ஈரத்தில் நெற்றியோடு ஒட்டியிருந்தது. "நீ கிட்ட வராத, பெரியம்மா. உன் மேலெல்லாம் முடி."

பெரியம்மா மிஷினை அணைத்தாள். கூடத்தில் இன்னும் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் பின்னால் நகர்ந்து போய், அவர்களுக்குத் தெரியாத மறைவில் நின்று, உடம்பிலிருந்து ஒவ்வொரு முடியாகப் பிடுங்கத் தொடங்கினாள்.